கடல் தாண்டும் கணக்கு

வியட்நாமின் பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் படிக்கப் போவது என்பதை எது முடிவு செய்கிறது? மதிப்பெண்ணா, சொந்தபந்தமா, வங்கியில் அடகு வைத்த நிலமா?

வியட்நாம் அரசுத் தொலைக்காட்சியில் 1999 முதல் ஓடிக்கொண்டிருக்கும் வினாடி வினா நிகழ்ச்சி ஒன்று உண்டு. 'ஒலிம்பியா சிகரத்துக்குப் பாதை' என்று பெயர். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கானது. வாரம், மாதம், காலாண்டு என்று படிப்படியாக வென்று வரும் நான்கு பேர் ஆண்டின் இறுதிப் போட்டியில் மோதுவார்கள். அன்று அந்த நால்வரின் ஊர்களிலும் பெரிய திரை கட்டி, பள்ளியும் ஊர்ச்சனமும் கூடி நின்று கொடியசைத்து ஆர்ப்பரிப்பார்கள். வென்ற பிள்ளையின் தலையில் இலைக் கிரீடம் ஏறும். முதல் பரிசு பல ஆண்டுகள் 35,000 டாலராக இருந்தது. அதைக் கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் படிக்கலாம்.

அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் இறுதிப் போட்டி முடிந்த கையோடு பத்திரிகைகளிலும் சமூக வலைத்தளங்களிலும் ஒரே விவாதம் கிளம்பும். நாட்டின் மிகச் சிறந்த மூளைகளைப் பொறுக்கியெடுத்து, பாராட்டு விழாவும் நடத்தி, இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பதா? வென்ற பிள்ளை திரும்புமா, திரும்பாதா?

விவாதம் நியாயமானதுதான். ஆனால், திரும்புவதைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பரிசு வென்று போகிறவர் ஆண்டுக்கு ஒருவர். வியட்நாமியக் கல்வி அமைச்சகம் சொல்லும் கணக்குப்படி, வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருப்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் சொந்தச் செலவில் போனவர்கள். 2024-ல் வியட்நாமியத் தொழிலாளி ஒருவரின் சராசரி மாத வருமானம் 77 லட்சம் டோங். ஏறக்குறைய 300 டாலர். இந்த வருமானத்தில் வாழும் நாடு, உலகின் விலையுயர்ந்த வகுப்பறைகளுக்கு இத்தனை பிள்ளைகளை எப்படி அனுப்புகிறது? எந்தப் பிள்ளை எந்த நாட்டுக்குப் போவது என்பது எந்த இடத்தில் தீர்மானமாகிறது?

பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து மாணவர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கிறார் என்று நினைத்தால் பாதிக் கதைதான் புரியும். வியட்நாமில் இது குடும்பம் கூடி எடுக்கும் முடிவு. எவ்வளவு நஷ்டம் வந்தால் தாங்க முடியும் என்ற கணக்கு அதன் அடியில் இருக்கிறது. அந்தத் தாங்குதிறன்தான் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறது.

கல்லில் பொறித்த பெயர்கள்

ஹனோயில் வான் மியெவ் என்ற பழைய கல்விக்கோவில் இருக்கிறது. 1070-ல் கன்பூசியஸின் நினைவாகக் கட்டப்பட்டது. அதன் முற்றத்தில் கல் ஆமைகளின் முதுகில் 82 கல்வெட்டுகள் நிற்கின்றன. 1442 முதல் 1779 வரை நடந்த அரசவைத் தேர்வுகளில் தேறிய 1,300-க்கும் மேற்பட்ட அறிஞர்களின் பெயரும் ஊரும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் வந்து ஆமையின் தலையைத் தடவித் தடவிக் கல் தேய்ந்துபோனதால், இப்போது வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். விவசாயி மகன் ஒரே தேர்வில் மந்திரியாகலாம்; அந்தப் பெருமை அவனோடு நிற்காமல் பெற்றோருக்கும் ஊருக்கும் சேரும் என்ற நம்பிக்கை அந்த மண்ணில் அவ்வளவு ஆழமானது. கடைசி அரசவைத் தேர்வு 1919-ல் நடந்தது. நம்பிக்கை மட்டும் இடம் மாறி, வெளிநாட்டுப் பட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

வெளியே போய்ப் படிப்பதற்கும் அங்கே நூறாண்டுப் பழக்கம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த பான் போய் சாவ் 1905-ல் ஜப்பானுக்குப் போனார். அவருடைய முயற்சியால் 1908-க்குள் சுமார் 200 இளைஞர்கள் ரகசியமாக அங்கே போய்ப் படித்தார்கள். நாட்டை விடுவிப்பதற்கான படிப்பு அது. காலனி அரசு பெற்றோரை நெருக்கியது. 1907-ல் ஜப்பானும் பிரான்சும் ஒப்பந்தம் செய்துகொண்டதைத் தொடர்ந்து 1909-க்குள் அந்த இயக்கம் கலைக்கப்பட்டது. தமக்குப் பண உதவி செய்த அசாபா சகிதாரோ என்ற ஜப்பானிய மருத்துவருக்கு, பான் போய் சாவ் 1918-ல் மீண்டும் போய் நினைவுக்கல் எழுப்பினார். அது இன்றும் ஷிசுவோகா மாகாணத்தில் நிற்கிறது.

அடுத்த அலை சோசலிச நாடுகளை நோக்கிப் போனது. 1955-ல் கிழக்கு ஜெர்மனியின் மோரிட்ஸ்பூர்க்கில் 149 வியட்நாமியக் குழந்தைகள் படிக்க வந்து இறங்கினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்துக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் பல்லாயிரம் பேர் போனார்கள். பிள்ளையைப் பொறுக்கியதும், நாட்டையும் பாடத்தையும் முடிவு செய்ததும் அரசு. 1986-ல் டோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது, 1991-ல் சோவியத் உடைந்தது, 1995-ல் அமெரிக்காவுடன் உறவு சீரானது. போர்க்காலத்தில் தென்வியட்நாம் அரசு பட்ட கடனை வியட்நாம் அமெரிக்காவுக்குத் திருப்பிச் செலுத்த, அதிலிருந்து ஆண்டுக்கு 50 லட்சம் டாலரை ஒதுக்கி வியட்நாமிய மாணவர்களை அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்க வைக்கும் திட்டத்தை 2000-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது.

ஆனால் அரசு பொறுக்கி அனுப்பும் காலம் அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. முடிவு வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. செலவும் கூடவே வந்தது.

உள்ளிருந்து தள்ளும் கை

ஜூன் மாதத்தில் வியட்நாம் முழுவதும் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு நடக்கும். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள். நெரிசல் அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஹனோயில் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்குத்தான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இடம். பதினைந்து வயதில் தவறினால் தனியார் பள்ளி, தொழிற்பள்ளி என்று பாதை விலகிவிடும். இதனால் மாலை முழுக்க டியூஷன். பள்ளி ஆசிரியர்களே தம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு டியூஷன் எடுப்பதை 2025 பிப்ரவரியில் அரசு தடை செய்ய வேண்டிய அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

இத்தனை உழைப்பும் பலன் தராமலில்லை. பதினைந்து வயது மாணவர்களை உலகளவில் சோதிக்கும் பிசா தேர்வில் 2012-லும் 2015-லும் வியட்நாம் அறிவியலில் 8-ஆம் இடம் பிடித்து, தன்னைவிடப் பல மடங்கு செல்வமுள்ள நாடுகளை முந்தியது. பள்ளி இவ்வளவு வலுவாக இருக்கிறதே, பிறகு ஏன் ஓட வேண்டும்? காரணம் பல்கலைக்கழகம். பள்ளி ஏறிய உயரத்துக்கு அது இன்னும் ஏறவில்லை. எந்தத் துறையாக இருந்தாலும் மார்க்சிய லெனினியம், ஹோ சி மின் சிந்தனை, தேசப் பாதுகாப்பு ஆகியவை கட்டாயப் பாடங்கள். ஆய்வுக்கான பணம் குறைவு, பேராசிரியர் சம்பளம் குறைவு. 2018-ல் திருத்திய சட்டம் பல்கலைக்கழகங்களுக்குக் கூடுதல் தன்னாட்சி கொடுத்தது. தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதான கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றின. உள்ளூர்ப் படிப்பின் விலை ஏற ஏற, வெளிநாட்டுப் படிப்புக்கும் அதற்குமான இடைவெளி சுருங்குகிறது. கொஞ்சம் கூடப் போட்டால் வெளியே அனுப்பிவிடலாமே என்று வீடுகள் யோசிக்கின்றன.

இன்னொரு தள்ளுவிசை ஆங்கிலம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ் வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போய்விட்டது. ஹனோய், ஹோ சி மின் நகரப் பல்கலைக்கழகங்களே சேர்க்கையில் அதற்கு முன்னுரிமை தரத் தொடங்கின. பல ஆண்டுகளுக்கு, 4.0 புள்ளி இருந்தாலே இறுதித் தேர்வில் அந்நிய மொழிப் பாடத்திலிருந்து விலக்கு. 2022 நவம்பரில் அனுமதிச் சிக்கலால் தேர்வு மையங்கள் தற்காலிகமாக ஐஇஎல்டிஎஸ் தேர்வை நிறுத்தியபோது பெற்றோர் பதறிய பதற்றம், அந்தத் தாள் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதைக் காட்டியது. ஒரு முறை 6.5 எடுத்த பிள்ளைக்கு மெல்போர்னும் மான்செஸ்டரும் எட்டிவிடும் தூரம்தான். எடுக்க முடியாத பிள்ளைக்கு வேறு திசை. நகரத்துக் கோச்சிங் வகுப்புக்கும் மலைமாவட்டப் பள்ளிக்கும் இடையிலுள்ள தூரம், பின்னாளில் நாடுகளுக்கு இடையிலான தூரமாக மாறுகிறது.

மடியின் கனம் வரையும் வரைபடம்

வியட்நாமிய மாணவர்கள் போகும் நாடுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், வருமான அடுக்குகள் அப்படியே தெரியும்.

மேலடுக்கு, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும். ஹனோய்-ஆம்ஸ்டர்டாம், சைகான் என்றும் அழைக்கப்படும் ஹோ சி மின் நகரத்தின் லே ஹோங் ஃபோங் போன்ற சிறப்புத் திறன் பள்ளிகளில் படித்தவர்கள் பத்தாம் வகுப்பிலிருந்தே உதவித்தொகைக்குக் கட்டுரை எழுதிப் பழகுகிறார்கள். அவர்களில் சிலர் முழு உதவித்தொகையுடன் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற வளாகங்களுக்குள் நுழைகிறார்கள். 2023-24-ல் அமெரிக்காவில் படித்த வியட்நாமியர் சுமார் 22,000 பேர். எண்ணிக்கையில் ஆறாம் இடம்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளும் கணக்கு வேலை செய்கிறது. மற்ற பெரிய நாடுகளின் மாணவர்களைவிட வியட்நாமியர் இரண்டாண்டுச் சமூகக் கல்லூரிகளில் சேரும் விகிதம் அதிகம். முதல் இரண்டு ஆண்டைக் குறைந்த கட்டணத்தில் முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது ஒரு தேர்ந்த உத்தி. அந்தக் கல்லூரிகள் பலவும் கலிஃபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் மாநிலங்களில் இருப்பது தற்செயல் அல்ல. 1975-க்குப் பிறகு படகேறிப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமிய வம்சாவளியினர் அமெரிக்காவில் வாழ்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியில் இருக்கும் 'லிட்டில் சைகான்' பகுதியில் ஒரு மாமாவோ சித்தியோ இருந்தால், வாடகையும் சாப்பாடும் மிச்சம். எந்த வரலாறு அந்தக் குடும்பத்தை இரண்டாகப் பிரித்ததோ, அதே வரலாறு இன்று பேரனுக்குத் தங்க இடம் கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் மெல்போர்னிலும் இதே கதைதான்.

நடு அடுக்கும் அதற்குக் கீழும் ஜப்பான், தென்கொரியா, தைவான் பக்கம் திரும்புகின்றன. அமெரிக்கா போகும் எண்ணிக்கையை இந்த மூன்றும் சேர்ந்து பல மடங்கு மிஞ்சுகின்றன. 2019-ல் ஜப்பானில் மட்டும் 73,000-க்கும் மேற்பட்ட வியட்நாமிய மாணவர்கள் இருந்தார்கள். தென்கொரியாவில் 2024-ல் 50,000-க்கும் மேல்.

இங்கே ஈர்க்கும் விசை என்ன? கொரியப் பாடல்களும் தொடர்களும் கொஞ்சம். சாம்சங் நிறைய. அந்த நிறுவனம் தன் செல்போன்களில் ஏறக்குறைய பாதியை ஹனோய்க்கு வடக்கே பாக் நிங், தாய் ங்குயென் மாகாணங்களில் தயாரிக்கிறது. கொரிய மொழி தெரிந்த பட்டதாரிக்கு அங்கே தொழிற்சாலை வாசலிலேயே வேலை. 2021-ல் வியட்நாமியப் பள்ளிகளில் கொரிய மொழியும் ஜெர்மனும் முதல் அந்நிய மொழியாகப் படிக்கக்கூடிய பட்டியலில் சோதனை முறையில் சேர்ந்தன. தைவானிலும் ஜப்பானிலும் இதே தர்க்கம். எந்த நாட்டின் முதலாளி ஊருக்குள் தொழிற்சாலை வைத்திருக்கிறாரோ, அந்த நாட்டின் மொழி பிள்ளையின் எதிர்காலத்துக்கு உத்தரவாதமாகத் தெரிகிறது.

இன்னொரு விசையும் உண்டு. அதைத் திறந்து சொல்ல வேண்டும். ஜப்பானிலும் கொரியாவிலும் குழந்தைகள் பிறப்பது குறைந்துகொண்டே போகிறது. கிராமப்புறக் கல்லூரிகள் காலியாகின்றன; கடைகளிலும் பட்டறைகளிலும் ஆளில்லை. கொரிய அரசு 2027-க்குள் 3 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஜப்பானின் இலக்கு 2033-க்குள் 4 லட்சம் பேர். ஜப்பானில் மாணவர் விசாவில் இருப்பவர் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். டோக்கியோவில் நள்ளிரவில் திறந்திருக்கும் சிறு கடையின் கல்லாவில் நிற்கும் வியட்நாமிய இளைஞர் காலையில் மொழிப்பள்ளிக்குப் போகிறவர். அவர் மாணவர் என்பதும் உண்மை. அவருடைய உழைப்பு அந்த நாட்டுக்குத் தேவைப்படுகிறது என்பதும் உண்மை. கட்டணத்தைக் கட்டுவது அந்த 28 மணி நேரம். அது இல்லாவிட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஜப்பான் என்ற வழியே இல்லை. 2022-ல் யென்னின் மதிப்பு சரியத் தொடங்கியபோது இந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. அதே உழைப்புக்கு ஊருக்கு வரும் டோங் குறைந்தது. 2024-ல் ஜப்பானில் வியட்நாமிய மாணவர் எண்ணிக்கை 40,000 அளவில்தான் இருந்தது; நேபாளம் முந்திவிட்டிருந்தது. சரிவின் பெரும்பகுதி கொரோனா காலத்தில் நடந்தது என்றாலும், நாணய மாற்று விகிதமும் ஒரு தலைமுறையின் பாதையைத் திருப்பக்கூடும் என்பது இங்கே தெரிகிறது.

மூன்றாவது வழி ஜெர்மனி. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கி வைக்கப்படும் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும். சராசரி வியட்நாமியத் தொழிலாளியின் மூன்றாண்டுச் சம்பளத்துக்கும் மேலான தொகை. அது முடியாதவர்களை இழுப்பது, வேலை செய்துகொண்டே படிக்கும் தொழிற்பயிற்சி முறை. செவிலியர் பயிற்சியில் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை. மாதம் 1,000 யூரோவுக்கு மேல். அதற்குப் பி1 நிலை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். முதியோர் இல்லங்களுக்கு ஆள் தேடும் ஜெர்மனியும், கடன்படாமல் படிக்கத் தேடும் வியட்நாமியப் பெண்ணும் அந்த மொழித் தேர்வின் வாசலில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

ஆக, கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல இந்த வீடுகளும் பொருத்தம் பார்க்கின்றன. கட்டணம், மொழி, சொந்தக்காரர், பகுதிநேர வேலை, விசா கிடைக்கும் வாய்ப்பு, படிப்புக்குப் பின் தங்க அனுமதி, ஊரில் அந்தப் பட்டத்துக்குள்ள மதிப்பு. பாடத்தின் தரம் பட்டியலில் உண்டு. பெரும்பாலும் முதலிடத்தில் இல்லை.

சிவப்புப் புத்தகம்

வியட்நாமில் நிலம் சட்டப்படி மக்கள் அனைவருக்கும் பொது. குடும்பங்களிடம் இருப்பது பயன்பாட்டு உரிமைச் சான்றிதழ். அதன் அட்டை நிறத்தால் சிவப்புப் புத்தகம் என்று மக்கள் அழைக்கிறார்கள். பிள்ளையை அனுப்பப் பணம் திரட்டும்போது வங்கிக்குப் போவது அந்தப் புத்தகம்தான். நகரங்களில் நிலத்தின் விலை ஏறியதால் ஒரு துண்டு மனையை விற்றே மெல்போர்ன் செலவைச் சமாளிக்கும் நடுத்தர வர்க்கம் உருவாகியிருக்கிறது. கிராமத்தில் அப்படி விற்க உபரி மனை இல்லை. குடியிருக்கும் வீட்டின் புத்தகமே அடகுக்குப் போகிறது.

மத்திய வியட்நாமின் ங்கே ஆன், ஹா டின் மாகாணங்களில் இந்தக் கணக்கு மிகக் கூர்மையானது. புயலும் வறட்சியும் மாறி மாறி அடிக்கும் பகுதி. படிப்புக்குப் பேர்போன பகுதியும் அதுவே. பான் போய் சாவ் பிறந்ததும் ங்கே ஆனில்தான். வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடிவீடுகளைப் பக்கத்துத் தெருவில் பார்த்து வளரும் பிள்ளைக்கு, மாணவர் விசாவும் தொழிலாளர் விசாவும் ஒரே சாலையின் இரண்டு வண்டிகளாகத் தெரிகின்றன. எதில் சீக்கிரம் இடம் கிடைக்கிறதோ அதில் ஏறலாம்.

இந்த இடத்தில்தான் ஆலோசனை நிறுவனங்கள் வருகின்றன. நேர்மையானவர்கள் உண்டு. ஆனால் தொழிலின் அமைப்பே கோணலானது. பெரும்பாலான நிறுவனங்களுக்கு வருமானம், ஆள் சேர்த்துவிட்டதற்காக வெளிநாட்டுக் கல்லூரி தரும் கமிஷன். மாணவருக்குப் பொருந்தும் கல்லூரியும் அதிகக் கமிஷன் தரும் கல்லூரியும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பகுதிநேர வேலையில் கட்டணத்தையும் கட்டி, கடனையும் அடைத்து, வீட்டுக்கும் அனுப்பலாம் என்று வாக்குக் கொடுக்கப்படுகிறது. போய்ச் சேர்ந்த பிறகுதான், 28 மணி நேரச் சம்பளம் வாடகைக்கும் கட்டணத்துக்குமே இழுபறியாகிறது என்று தெரிகிறது. அனுமதித்த நேரத்தைத் தாண்டி உழைத்தால் விசா போகும். உழைக்காவிட்டால் வட்டி ஏறும். வகுப்புக்கு வராமல் மறைந்துபோனவர்கள் என்று கொரியாவிலும் ஜப்பானிலும் செய்தியில் எண்களாக வருகிறவர்களில் பலர், இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்கியவர்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பத்தொன்பது வயதில், குடும்பத்தின் ஒரே சொத்தைத் தோளில் சுமந்துகொண்டு அந்நிய மொழியில் திணறும் பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கதவுகள் சுருங்கும் காலம்

கடந்த சில ஆண்டுகளில் பணக்கார நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவை ஒருக்களித்து வருகின்றன. கனடா 2024 தொடக்கத்தில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகையை 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635-ஆக உயர்த்தியது. வியட்நாம் உள்ளிட்ட சில நாடுகளுக்கு இருந்த விரைவு விசா வழியை அந்த ஆண்டு நவம்பரில் மூடியது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் மாணவர் விசாக் கட்டணத்தை 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 1,600-ஆகவும், அடுத்த ஆண்டே 2,000-ஆகவும் ஏற்றியது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும் என்றது. சராசரி வியட்நாமியத் தொழிலாளி ஐந்து ஆண்டு செலவே செய்யாமல் சேர்த்தாலும் எட்டாத தொகை அது. அமெரிக்கா 2025 மே மாதக் கடைசியில் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது.

இந்த மாற்றங்கள் வசதியான வீட்டுப் பிள்ளையைத் தடுப்பதில்லை. செலவைக் கூட்டுகின்றன, அவ்வளவே. தடுப்பது கடன் வாங்கித் தயாரான வீட்டை. இரண்டு வருடம் ஒரு நாட்டின் மொழியைப் படித்து, அந்த நாட்டின் விதி ஒரே இரவில் மாறினால், போட்ட பணமும் காலமும் யார் கணக்கில் சேரும்? விசா கிடைக்கும் வாய்ப்பும் விதியின் நிலைத்தன்மையும் இன்று தரவரிசையைவிடப் பெரிய காரணிகளாகிவிட்டது இதனால்தான். ஜெர்மனி, தைவான், சீனா பக்கம் பார்வை திரும்புவதும் இதனால்தான்.

திரும்பும் பாதை

இனி, ஒலிம்பியா விவாதத்தின் கேள்விக்கு வரலாம். போனவர்கள் ஏன் திரும்புவதில்லை?

டா நாங் நகர நிர்வாகம் திறமையாளர்களை வளர்க்கத் தன் செலவில் மாணவர்களை வெளிநாடு அனுப்பியது. படித்து முடித்து, நகரத்துக்குத் திரும்பி, குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களிலும் சிலர் பாதியில் விலகினார்கள். 2010-களில் நகர நிர்வாகம் அவர்கள் மேல் வழக்குத் தொடுத்து, கோடிக்கணக்கான டோங்கைத் திருப்பிக் கட்டும்படி நீதிமன்றத் தீர்ப்புகளையும் பெற்றது. சட்டப்படி சரி. ஆனால் படித்த படிப்புக்குப் பொருந்தாத அலுவலக வேலையும் குறைந்த சம்பளமும் காத்திருக்கும்போது, ஒப்பந்தத்தால் ஆளைக் கட்டலாம். ஆர்வத்தைக் கட்ட முடியாது.

வேறு விதமான உதாரணங்களும் உண்டு. ஹனோயில் பிறந்து பாரிஸில் படித்த ங்கோ பாவ் சாவ், 2010-ல் நம் ஹைதராபாத்தில் நடந்த உலகக் கணித மாநாட்டில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அந்தப் பரிசை வென்ற முதல் வியட்நாமியர். அவர் சிகாகோவில் பேராசிரியராக இருந்தபடியே, ஹனோயில் தொடங்கிய கணித உயராய்வு நிறுவனத்தின் அறிவியல் இயக்குநராகவும் ஆனார். உடல் திரும்பாவிட்டாலும் அறிவு திரும்பும் வழி அது. இன்னொருவர் ஃபாம் நாட் வுவோங். 1980-களின் கடைசியில் அரசு உதவித்தொகையில் மாஸ்கோவில் நிலவியல் படிக்கப் போனவர். படிப்பு முடிந்து உக்ரைனின் கார்கிவ் நகரில் உடனடி நூடுல்ஸ் தொழிலில் பணம் சேர்த்து, ஊர் திரும்பி வின்குரூப் நிறுவனத்தை வளர்த்தார். அதன் மின்வாகனத் தொழிற்சாலைதான் 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. அன்று ஹனோயிலிருந்து மாஸ்கோவுக்குப் போன ஒரு மாணவரின் பாதை, இன்று நம் ஊர்ப் பிள்ளைகளின் வேலைவாய்ப்பு வரை வந்து நிற்கிறது. போனவர் எப்போது, என்னவாகத் திரும்புவார் என்பதை நான்காண்டுக் கணக்கில் அளக்க முடியாது.

நாட்டுக்குள்ளேயே நல்ல கல்வி தரும் முயற்சியும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி 2001-லேயே சைகானில் வளாகம் திறந்தது. வியட்நாம்-ஜெர்மன் பல்கலைக்கழகம் 2008-ல் வந்தது. ஃபுல்பிரைட் பல்கலைக்கழகம் 2016-ல். வின் பல்கலைக்கழகம் 2020-ல். வளாகங்கள் அருமையானவை. ஆனால் அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் உள்ளவை பல. உதவித்தொகை கிடைத்தாலொழிய ங்கே ஆன் பிள்ளைக்கு அவையும் வெளிநாடு மாதிரிதான். சிந்தனைச் சுதந்திரத்தின் எல்லையும் ஒரு காரணி. 2024 ஆகஸ்ட்டில் ஃபுல்பிரைட் பல்கலைக்கழகம் ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆள் தயாரிக்கிறது என்று சமூக வலைத்தளங்களில் தாக்குதல் நடந்தது. வெளியுறவு அமைச்சகமே அந்தக் கல்லூரிக்கு ஆதரவாகப் பேச வேண்டிவந்தது. வெளியே சமூக அறிவியல் படிக்கும் மாணவர் இதையெல்லாம் கவனிக்காமல் இருக்கமாட்டார்.

அரசும் விழித்திருக்கிறது. 2030-க்குள் குறைக்கடத்தித் துறைக்கு 50,000 பொறியாளர்களை உருவாக்கத் திட்டம் போட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த ஆளுங்கட்சியின் 57-ஆம் தீர்மானம் அறிவியலுக்கு முதலிடம் தருகிறது. 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைத் திருத்தம், வெளிநாட்டில் வாழும் வியட்நாமியர் இரட்டைக் குடியுரிமையோடு ஊரில் வேரூன்ற வழியை எளிதாக்கியிருக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள்.

எது தேர்வு?

வெளிநாடு போய்ப் படிப்பதில் தவறே இல்லை. உலகத்தைப் பார்த்த பிள்ளை, போன இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நன்மை செய்யும். தங்கிவிட்டவர்கள் மேல் கோபப்படுவதிலும் பயனில்லை. கோபம் போக வேண்டிய திசை வேறு. ஒரே நாட்டில், ஒரே வயதில், ஒரே அளவு உழைக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு வெளிநாட்டுப் படிப்பு சாளரமாகவும், இன்னொருவருக்குக் கடன் பொறியாகவும் இருப்பதுதான் அநீதி.

அதைச் சரிசெய்ய முடியும். கமிஷன் வாங்கும் ஆலோசனை நிறுவனம் அந்தத் தொகையைப் பெற்றோரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று வியட்நாம் சட்டம் போடலாம். எந்த மொழிப்பள்ளியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்ற விவரத்தை ஒவ்வொரு மாகாணத்திலும் வெளியிடலாம். ஜப்பானும் கொரியாவும் தமக்குத் தேவை தொழிலாளர் என்றால், தொழிலாளருக்குரிய சம்பளமும் பாதுகாப்பும் உள்ள நேர்வழியைத் திறக்க வேண்டும். வகுப்பறையை அதற்கான பின்வாசலாக்கக் கூடாது. விதியை மாற்றும் பணக்கார நாடுகள், ஏற்கெனவே தயாராகிவிட்டவர்களுக்கு அவகாசம் தர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மாகாணத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் பிசாவில் சாதித்த அந்தப் பிள்ளைகளுக்குத் தகுந்ததாக உயர வேண்டும்.

போகாவிட்டாலும் வாழ்க்கை கெட்டுவிடாது என்ற உறுதி உள்ள வீடுதான் உண்மையில் தேர்ந்தெடுக்கிறது. மற்ற வீடுகள் துணிந்து பார்க்கின்றன. படிப்புக்காக இத்தனையும் துணியும் பெற்றோரைப் பெற்ற நாடு, அவர்கள் துணிய வேண்டிய அவசியமே இல்லாத கல்வியை அவர்களுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.